எங்கள் வீட்டுக் கற்காலம்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் கற்காலம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்து மறு ஞாயிறு முடிந்தது. இதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். "நிஜக் கற்காலம் லட்சக்கணக்கான வருஷம் நடந்ததும்மா. உங்க கற்காலம் எட்டே நாளா?" என்று கேலி செய்கிறான். அந்த எட்டு நாளில் என் விரல்கள் இரண்டு கன்றிப் போனதும், கீழ் வீட்டுக்காரர் இரண்டு தடவை மாடி ஏறி வந்து "ஏதாவது ரிப்பேர் வேலை நடக்கிறதா?" என்று விசாரித்ததும், ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் வாய் திறக்காத ஒரு விஷயத்தை நான் என் மருமகளிடம் சொல்லும்படி ஆனதும் அவனுக்கு எங்கே தெரியும்! ஆபீஸ் காரியமாக அவன் அந்த வாரம் பூராவும் புனாவில் இருந்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டு வந்த ஒரு துண்டுக் காகிதம். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். "இயற்கையில் கிடைக்கும் பொருள்களை மட்டும் கொண்டு ஆதி மனிதனின் கருவி ஒன்றைச் செய்து வரவும்" என்று அதில் அச்சிட்டிருந்தது. இந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடம் உண்மையில் யாருக்கு என்பது குடும்பம் நடத்துகிற பெண்களுக்குத் தெரியும். என் மருமகள் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். "கடையிலே தெர்மகோல் வாங்கிக் கோடாரி மாதிரி வெட்டிப் பழுப்புப் பெயிண்ட் அடிச்சா ஆச்சு. அரை மணி நேர வேலை" என்றாள்.

"தெர்மகோல் இயற்கையாம்மா?" என்றான் பையன்.

அதற்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு மூவரும் எழும்பூர் மியூசியத்துக்குப் புறப்பட்டோம்.

போகும் வழியில் ரயிலில் உட்கார்ந்து பையன் தன் சரித்திரப் புஸ்தகத்தைப் பிரித்துக் காட்டினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் பல்லாவரத்தில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். பல்லாவரம் என்றால் எனக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை தெரியும்; குன்று தெரியும்; எந்த நேரத்தில் ரோட்டைக் கடக்கலாம் என்று தெரியும். ஆனால் இந்தியாவிலே பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை உலகத்துக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்ன கல் எங்கள் ஊரில்தான் கிடைத்தது என்பது எனக்குத் தெரியாது! 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, நல்ல கோடை வெயிலில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியருகே குனிந்து ஒரு கல்லை எடுத்திருக்கிறார். அவர் அரசாங்கத்தின் பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். வயது 28. பிரான்சிலும் இங்கிலாந்திலும் அப்படிப்பட்ட கற்கள் கிடைத்த செய்தி அவருக்குத் தெரியும். ஆகவே மற்றவர்கள் கண்ணுக்கு வெறும் சரளையாகப் பட்டது, அவர் கண்ணுக்கு மனிதன் கைபட்ட கல்லாகப் பட்டது. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற சகாவுமாகத் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கண்டுபிடித்தார்கள்.

இந்த ஃபூட் துரையைப் பற்றி இன்னொரு சமாசாரம். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். தமிழ் நன்றாகக் கற்றவர். 1874-ல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்துப் புஸ்தகமாகப் போட்டவர். மாமனார் பழமொழி பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார்! அந்த வீட்டுப் பெண்மணி இருவரையும் வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்தினாளோ என்று நான் சொன்னபோது என் மருமகள் ரயில் என்று பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஃபூட் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்களை 1904-ல் சென்னை மியூசியம் வாங்கிக்கொண்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் காலத்துக் கைக்கோடாரிகளைப் பார்த்தோம். கோடாரி என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி காம்பு போட்டதல்ல. ஒட்டு மாங்கொட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் எப்படியிருக்கும், அப்படி இருக்கிறது. ஒரு பக்கம் உருண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிறது. மறுபக்கம் கூர்ந்து போகிறது. இரண்டு முகத்திலும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து எடுத்த அடையாளம். அத்திரம்பாக்கத்தில் 1999-லிருந்து டாக்டர் சாந்தி பப்பு குழுவினர் நிதானமாகத் தோண்டி ஆராய்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்களாம். அங்கே இப்படிப்பட்ட கருவிகளைச் செய்தவர்கள் வாழ்ந்தது குறைந்தபட்சம் 10 லட்சம் வருஷத்துக்கு முன்னால், அநேகமாக 15 லட்சம் வருஷத்துக்கு முன்னால். இதை மகன் ராத்திரி போனில் சொன்னான். எனக்கு லட்சம் என்றால் ரூபாய்க் கணக்குதான் பிடிபடும். வருஷக் கணக்கில் லட்சம் என்பது என் தலைக்குள் நுழையவில்லை.

"இதுதான் செய்யப் போறோம், ஆச்சி" என்றான் பையன், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

செய்வதற்குக் கல் வேண்டுமே! அத்திரம்பாக்கம் மாதிரி இடங்களிலிருந்து ஒரு சின்னக் கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது, அது தப்பு என்று புஸ்தகத்திலேயே போட்டிருந்தது. கடைசியில் பூச்செடி விற்கிற நர்சரியில் கூழாங்கல் வாங்கினோம். ஒரு மூட்டை 120 ரூபாய்! ஆற்றில் சும்மா கிடக்கிற கல்லுக்குப் பணம் கொடுத்தவள் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூட்டையைப் பிரித்தபோது பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று சிலது, வெள்ளை வெளேரென்று சிலது. வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வெங்கச்சங்கல்! சின்ன வயசில் இருட்டில் இரண்டை ஒன்றோடொன்று உரசி நெருப்புப் பொறி பறக்கவிட்டு விளையாடியிருக்கிறோம்.

மொட்டை மாடியில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தோம். கண்ணில் சில்லுத் தெறிக்காமலிருக்க எனக்கு என் மூக்குக் கண்ணாடி. பையனுக்கு அவன் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். மடியில் நாலாக மடித்த பழைய ஜமக்காளம். நான் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வைத்து, அதன் நடு மண்டையில் ஓங்கி இன்னொரு கல்லால் அடித்தேன். கல் கற்கண்டு மாதிரி பொடிப் பொடியாக உதிர்ந்தது. அடுத்த அடி என் ஆள்காட்டி விரலில். அதற்கடுத்த அடியின்போதுதான் கீழ் வீட்டுக்காரர் முதல் தடவை வந்தார்.

அன்றைக்கும் மறு நாளும் கல்லுடைத்து நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் அடிக்கவே கூடாது. கல்லின் ஓரத்தில், அதுவும் ஓரம் கொஞ்சம் சரிந்து விளிம்பு கட்டியிருக்கிற இடமாகப் பார்த்து அடிக்க வேண்டும். நேர் செங்குத்தான ஓரத்தில் அடித்தால் ஒன்றும் பெயராது. அடிக்கிற கல் உருண்டையாக, கைக்குக் கனமாக இருக்க வேண்டும். ஓங்கிப் போடுவதைக் காட்டிலும் மணிக்கட்டைத் தளர்த்தி, துணி துவைக்கிற கல்லில் முந்தானையைச் சுண்டி அடிப்போமே, அந்த மாதிரி வெட்டி இழுத்து அடிக்க வேண்டும். அதோடு கல்லைத் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும், மண்பானை வாங்குகிற மாதிரி! 'டங்' என்றால் நல்ல கல். 'தொப்'பென்றால் உள்ளே விரிசல். கற்கால மனுஷி வீட்டுக்காரரோடு ஆற்றங்கரைக்குப் போய் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, "இது வேண்டாம், அதைக் காட்டுங்கள்" என்று சொல்லியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு பழுப்புக் கல்லில் பையன் அடித்த அடியில் 'டிக்'கென்று ஒரு சத்தம். வெற்றிலைக் கிள்ளு அளவுக்கு ஒரு சில்லு கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தோம். உட்பக்கம் அடிபட்ட இடத்தில் லேசாகப் புடைத்து, அங்கிருந்து குளத்தில் கல்லைப் போட்டால் அலை வட்டமாக விரியுமே, அப்படி வரிவரியாகப் போயிருந்தது. விளிம்போ கண்ணாடி மாதிரி. மருமகள் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தவள், "இதுவா வெட்டப் போகுது!" என்று அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு தக்காளியின்மேல் வைத்தாள். நல்ல பழுத்த தக்காளி. எங்கள் வீட்டு எவர்சில்வர் கத்தி அதை வெட்டாது, நசுக்கும். கல் சில்லு தோலைக் கீறி, சாறு சிந்தாமல் இரண்டாகப் பிளந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுத்த தக்காளியை எடுத்தாள். அன்றைக்கு ரசத்துக்கு நாலு தக்காளியும் கற்கால முறைப்படியே நறுக்கப்பட்டன.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமிருந்திருக்காது. மறுநாள் காலை சட்டினிக்காக மருமகள் தேங்காய் உடைத்துத் துருவிவிட்டு மூடிகளைக் குப்பைக் கூடையில் போட்டாள். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள், என்னை அறியாமலே கூடைக்குள் கையை விட்டு, கண் இல்லாத அடி மூடியை மட்டும் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

"அது எதுக்கு, ஆச்சி?"

"அகப்பை செய்ய" என்று வாயில் வந்துவிட்டது.

நான் பிறந்தது நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே நாங்கள் கொட்டாங்கச்சி என்று சொல்ல மாட்டோம், சிரட்டை என்போம். என் அம்மா சிரட்டையில் அகப்பை செய்வதில் கெட்டிக்காரி. விற்பதற்கு அல்ல, வீட்டுக்கும் உறவுக்காரர்களுக்குமாகச் செய்வாள். மூன்று கண்ணும் இருக்கிற மேல் மூடி உதவாது. அடி மூடிதான் வேண்டும். அதுவும் நன்றாக முற்றிக் கறுத்த தேங்காயாக, குறுக்கே வட்டம் பிசகாமல் உடைந்ததாக இருக்க வேண்டும். நாலு நாள் வெயிலில் போட்டால் பருப்பு தானாகச் சுருங்கிக் கழன்றுவிடும். வெளிப்புறத்து நாரையெல்லாம் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவாள். பிறகு பேயத்தி இலையால் தேய்ப்பாள். அந்த இலை நாக்கு மாதிரி சுரசுரவென்று இருக்கும். கிராமத்தில் உப்புத்தாளுக்குப் பதில் அதுதான். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எதிரெதிரே இரண்டு துளை போட்டு, மூங்கில் பத்தையைச் சீவி இரண்டு துளையிலும் குறுக்கே செலுத்துவாள். கடைசியில் தேங்காயெண்ணெய் தடவி நிழலில் வைத்தால் கருங்காலி மாதிரி மின்னும். அந்த அகப்பை கை சுடாது, மண்சட்டியைக் கீறாது, புளிக்குழம்பானாலும் மோர்க்குழம்பானாலும் ருசி கெடாது.

1972-ல் எனக்குக் கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு தன் கையால் செய்த ஏழு அகப்பைகளைப் பனையோலைப் பெட்டியில் அடுக்கி அனுப்பினாள்.

பேரனிடம் இவ்வளவுதான் சொன்னேன். அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப இந்தக் கல்லை வெச்சே அகப்பை செய்யலாம், ஆச்சி! இரும்பே கூடாது!" என்று சட்டம் போட்டுவிட்டான். அம்மா கண்ணாடிச் சில்லால் செய்ததைக் கல் சில்லு செய்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்ணாடியைவிட அதுவே தேவலை, கையில் நிற்கிறது. சில்லு மழுங்கினால் தூர எறிந்துவிட்டு இன்னொன்று பெயர்த்துக்கொள்ளலாம். பேயத்தி இலைக்குப் பல்லாவரத்தில் எங்கே போவது? தேங்காய் நாரை நனைத்து ஆற்று மணலில் தோய்த்துத் தேய்த்தோம். நம் பாட்டிமார் வெண்கலப் பானை துலக்கிய வித்தைதானே!

துளை போடுவதுதான் பிராணனை வாங்கிவிட்டது. கம்பி கூடாதே! மேல் மூடியை எரித்துத் தணலாக்கி, ஒரு சின்னத் துண்டைக் கவைக்குச்சியால் எடுத்துச் சிரட்டைமேல் வைத்து, பப்பாளி இலைத் தண்டைக் குழலாக வைத்து ஊதினேன். பப்பாளித் தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பது கடவுள் நமக்காகவே செய்து வைத்தது. வைத்த இடம் கரிந்தது. கரியைச் சுரண்டிவிட்டு மறுபடி தணல், மறுபடி ஊதல். மூன்றாவது ஊதலில் சிரட்டை 'பட்'டென்று விளிம்புவரை விண்டுவிட்டது. கீழ் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை வந்தது அப்போதுதான், புகை நாற்றத்துக்காக.

அடுத்த சிரட்டையில் நெருப்பு வேண்டாம் என்று தீர்மானித்தேன். முதல் நாள் பொடிப் பொடியாக உதிர்ந்த வெங்கச்சங்கல்லில் ஊசி மாதிரி முனையுள்ள துண்டு ஒன்று கிடந்தது. வெட்டுவதற்குத்தான் அந்தக் கல் உதவவில்லை. குடைவதற்கு அதைப் போல் கிடையாது. முனையைச் சிரட்டையில் ஊன்றி இடமும் வலமுமாகத் திருகினால் மெல்ல மெல்லக் காபிப்பொடி மாதிரி தூள் விழுகிறது. வெளியிலிருந்து பாதி, உள்ளிருந்து பாதி என்று குடைய வேண்டும். ஒரே பக்கமாகக் குடைந்தால் துளை வாய் அகன்று உள்ளே குறுகிப்போகிறது. ஒரு துளைக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. பையன் சிறிது நேரம் திருகுவான், அப்புறம் "கை வலிக்குது" என்று கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். எனக்குப் போக வேறு இடமில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். மொட்டை மாடி விளக்கடியில் இரண்டாவது துளையைக் குடைந்துகொண்டிருந்தேன். மருமகள் மேலே வந்தாள்.

"போதும் அத்தை. கையைப் பாருங்க, வீங்கியிருக்கு. கீழே அவரோட டிரில்லிங் மெஷின் இருக்கு. ஒரு நிமிஷத்துல போட்டுடலாம். டீச்சருக்கு என்ன தெரியப் போகுது?"

"வேண்டாம்மா."

"ஒரு ஸ்கூல் வேலைக்கு எதுக்கு அத்தை இந்தப் பாடு?"

"ஸ்கூலுக்கு இல்லை" என்றேன்.

அவள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் மீதிக் கதையைச் சொன்னேன்.

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் திருவல்லிக்கேணி வீட்டில் சீர்ச் சாமான்களைப் பிரித்து அடுக்கினார்கள். அந்தக் காலத்தில் எவர்சில்வர் என்றால் உயிர். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி ஓலைப் பெட்டியைத் திறந்தாள். "என்னம்மா இது, கொட்டாங்கச்சியை எல்லாமா சீரா அனுப்புவாங்க? அடுப்பெரிக்கவா?" என்றாள். கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அது பெரிதல்ல. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், "எங்க அம்மாவுக்கு வேற வேலை இல்லை" என்றும் சொன்னேன். இருபது வயது. புது வீடு. அவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை. வேறென்ன சொல்ல!

ஓலைப் பெட்டி பின்கட்டுக்குப் போயிற்று. மார்கழி மாதம் வெந்நீர் அடுப்புக்கு வறட்டி நனைந்திருந்த ஒரு நாள், அந்த அகப்பைகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தவள் நான்தான். யாரும் சொல்லவில்லை. நானே வைத்தேன்.

அடுத்த வருஷம் தலைப்பிரசவத்துக்கு என்னை அழைத்துப் போக அம்மா வந்தாள். நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது. திருநெல்வேலி வரை பஸ்ஸில் வந்து, அங்கே ரயில் ஏறி, ராத்திரி பூராவும் உட்கார்ந்தபடியே வந்தாள். வந்தவள் கை கால் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அடுப்பு வாயில் பாதி கருகின மூங்கில் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டு கிடந்தது. அவள் சீவின காம்பு அவளுக்குத் தெரியாதா? குனிந்து அதை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். நான் கதவுப் பக்கத்தில் நின்றேன்.

"முத்தின சிரட்டையாக்கும், மக்களே. நல்லா நின்னு எரிஞ்சிருக்கும்" என்றாள்.

கோபமில்லை, குத்தலுமில்லை. சாமானின் தரத்தைச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டுக் காம்பை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். அதன்பிறகு அவள் அகப்பை செய்தாள். என் தங்கைகளுக்கும் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. 1994-ல் போய்விட்டாள்.

மருமகள் ஒரு வார்த்தைகூட ஆறுதல் சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. என் கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டாள். "எந்தப் பக்கம் திருகணும்? ரெண்டு பக்கமுமா? சரி, நீங்க மூங்கிலைச் சீவுங்க" என்றாள். பதினொன்றரை மணிக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது.

மூங்கில், தெருவில் கோவில் பந்தல் பிரித்தபோது மிஞ்சின துண்டு. அதைக் கல் சில்லால் ரம்பம் மாதிரி அறுத்து அறுத்துத் துண்டாக்கி, பிளந்து, சீவினோம். காய்ந்த பத்தையாகவே செலுத்த வேண்டும், ஈரத்தோடு செலுத்தினால் காய்ந்ததும் சுருங்கி ஆடும் என்பது ஞாபகமிருந்தது. காய்ந்ததைச் செலுத்தினால் குழம்பில் நனைய நனைய ஊறி இறுகும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஊரிலிருந்து வந்தான். அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்தில் கலம்போ அருவிப் பக்கம் 4 லட்சத்து 76 ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மரக்கட்டைகளைக் கண்டெடுத்த விவரம் 2023-ல் வெளியானதாகச் சொன்னான். ஒரு கட்டையில் காடி வெட்டி இன்னொன்றைப் பொருத்தியிருக்கிறார்களாம். தண்ணீர் ஊறின மண்ணில் கிடந்ததால் மக்காமல் பிழைத்தது. மற்றப் பெரும்பாலான இடங்களில் மரமும் ஓடும் நாரும் மண்ணோடு மண்ணாய்ப் போக, கல் மட்டும் நின்றிருக்கிறது. மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் கோடாரியாக அடுக்கியிருந்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கோடாரியால் எதைச் சீவினார்களோ, அது எரிந்தோ மக்கியோ போயிருக்கும்.

அன்றைக்குச் சாம்பாரை அந்த அகப்பையால்தான் பரிமாறினேன். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பார்கள். எங்கள் வீட்டில் சட்டி நிறைய இருந்தும் பாதி கீழே சிந்திற்று. காம்பு ஆடிற்று. துளை ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே போய்விட்டது.

பையன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போக அகப்பையைக் காகிதத்தில் சுற்றினான். மருமகள் அதை வாங்கி அடுப்பங்கரை ஆணியில் மாட்டினாள். "கண்காட்சி வைக்கிறேன்னு வாங்கிக்குவாங்க. திரும்பி வராது. நீ அந்தத் தக்காளி வெட்டின கல்லைக் கொண்டு போ" என்றாள். அவனும் கல்லைத்தான் கொண்டு போனான். மார்க்கு எவ்வளவு வந்தது என்பதை அவன் சொல்ல வேண்டாம் என்கிறான்.

ராத்திரி அகப்பையை ஆணியிலிருந்து எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

"உங்க அம்மா செஞ்சது இப்படி ஆடுமா, ஆச்சி?"

"ஆடாது. குண்டுக்கல் மாதிரி நிக்கும்."

"எப்படி?"

"முனையிலே ஒரு ஆப்பு வெச்சுத் தட்டுவா. எப்படி வெப்பான்னு நான் கிட்டே உட்கார்ந்து பார்த்ததில்லை."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு குப்பைக் கூடையிலிருந்து அன்றைய தேங்காய் மூடிகளை எடுத்தான். கண் இருந்ததைத் திரும்பக் கூடையிலே போட்டுவிட்டு, மற்றதைப் பால்கனியில் நாளை வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்தான்.